மிருணாளினி ஒரு தடவை தப்பு பண்ணட்டும்

வேணாம் சார், ஃபேனைப் போடாதீங்க, எனக்கு நேர்க்காத்து ஆகாது. இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். அம்மா குடுத்த காபி நல்லா இருந்துச்சுன்னு சொல்லிருங்க. நான் ஒண்ணும் சண்டை போட வரல. சண்டை போடறவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு திருச்சியிலேர்ந்து பஸ் ஏறி வருவானா? நியாயம் கேக்க வந்திருக்கேன். கேட்டுட்டு சாயங்கால வண்டிக்குப் போயிருவேன்.

பேரு தாயுமானவன். ஊரு பொன்மலைப்பட்டி. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவன். டைம் கீப்பர்னா தெரியும்ல? எந்த வண்டி எப்ப வரணும், எப்ப கிளம்பணும்னு எழுதி வெச்சுக்கிட்டு, அந்த நேரத்துக்கு ஒரு வண்டியும் வராததை நாள் பூரா பாத்துக்கிட்டே நிக்கறவன். அந்த உத்தியோகத்துல இருந்தவனுக்கு உங்க டாக்டர் மிருணாளினியைப் பிடிக்காம எப்படி சார் இருக்கும்?

நீங்க எழுதற மாத நாவலை ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். கொலை நடந்த எடத்துக்கு மிருணாளினி வருவா. கொண்டை போட்டிருப்பா. போலீஸ்காரங்க எல்லாரும் ஒதுங்கி நிப்பாங்க. குனிஞ்சு பிணத்தோட கன்னத்துல புறங்கையை வெப்பா. கண்ணை மூடுவா. "நேத்து ராத்திரி பத்து நாப்பத்திரெண்டு"ம்பா. பத்தரைன்னு சொல்ல மாட்டா, பத்தே முக்கால்னு சொல்ல மாட்டா. கடைசி அத்தியாயத்துல கொலைகாரன் அழுதுக்கிட்டே ஒத்துக்கறப்ப பாத்தா, அதே பத்து நாப்பத்திரெண்டு. எங்க ஊர்ல சத்திரம் பஸ் ஸ்டாண்டு போற வண்டி நேரத்துக்கு வராது, ஸ்கூல் மணி நேரத்துக்கு அடிக்காது. செத்தவனாவது நேரத்தைக் கரெக்டா சொல்றானேன்னு எனக்கு அதுல ஒரு நிம்மதி.

சிரிங்க, பரவால்ல. ஆனா அந்தப் புறங்கையாலதான் சார் எனக்கு இந்தக் கதி. தவமணி என்கிட்ட பேசறதை நிறுத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அவ பேசணும். அதுக்கு நீங்க ஒரு காரியம் பண்ணணும். என்னன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

தவமணிங்கறது பக்கத்து வீட்டு மருமக. அவ மாமனார் ராசமாணிக்கம், ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்தவரு. எனக்கும் அவருக்கும் நடுவுல இடுப்பளவு ஒரு காம்பவுண்டு சுவரு, அவ்வளவுதான். கூடப் பொறந்தவரு இல்ல, ஆனா அண்ணன்னுதான் கூப்பிடுவேன். அதனால நான் தவமணிக்கு சின்ன மாமா. என் வீட்டுக்காரி செண்பகவல்லி போய்ச் சேர்ந்த வருஷம், நான் அடுப்புல பால் வெச்சு மறந்துட்டு, பாத்திரம் கருகி, தெருவே பொகையாப் போச்சு. அன்னிக்கே தவமணி வந்து என் வீட்டு கேஸை மூடிட்டு, "இனிமே மத்தியான சாப்பாடு அங்கேர்ந்து வரும், சின்ன மாமா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் சரின்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. மறுநாள் சுவத்து மேல கேரியர் இருந்துச்சு. "சின்ன மாமா, சாப்பாடு"ன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு நான் பழகிட்டேன் சார்.

பதிலுக்கு நான் என்ன பண்ணுவேன்? உங்க நாவலைப் படிச்சு முடிச்சதும் அவ ஜன்னல்ல வெப்பேன். அண்ணன் ரெண்டு வருஷமா படுக்கையில. அவரைத் தூக்கி உக்கார வெச்சு, சோறு ஊட்டி, துடைச்சு விட்டு, அவர் கண் அசந்த நேரத்துல உக்காந்து படிப்பா. படிச்சுட்டு சுவத்தாண்ட வந்து, "இந்த மேனேஜர்தான் சின்ன மாமா, ரெண்டாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சுருச்சு"ம்பா. மிருணாளினிக்கே கடைசி அத்தியாயத்துலதான் தெரியும், இவளுக்கு ரெண்டாவதுல தெரிஞ்சுருமாம். எப்படின்னு கேட்டா, "அவன்தான் எல்லார்கிட்டயும் ரொம்ப நல்லவனா இருக்கான்"ம்பா. இதெல்லாம் ஒரு துப்பா? குருட்டாம்போக்குல சொல்றது. ஆனா சரியாத்தான் இருக்கும்.

அண்ணன் போன அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. லால்குடியில தங்கச்சி வீட்டுல ஒரு காதுகுத்து, முதல் நாளே போயிட்டேன். போன் வந்துச்சு, குழந்தைக்குக் காது குத்தி முடிச்ச கையோட கிளம்பி வந்தேன். நான் வந்து சேர்றப்ப மத்தியானம் தாண்டிருச்சு. மகன் இளஞ்செழியன் ஓசூர்ல கம்பெனி வேலையில இருக்கான், அவனும் அப்பதான் கார் புடிச்சு வந்து இறங்கினான். மக கயல்விழி கரூர்லேர்ந்து காலையிலயே வந்துட்டா. அவளுக்கும் தவமணிக்கும் ஏழாம் பொருத்தம். அப்பாவை நாந்தான் பாத்துக்கறேன்னு கரூர்லேர்ந்து போன்லயே பாத்துக்கறவ.

மகன் வந்தாச்சு, இனிமே குளிப்பாட்டலாம்னு பெரியவங்க சொன்னாங்க. பெட்டியிலேர்ந்து அண்ணனைத் தூக்கி வாசல்ல பெஞ்சு மேல படுக்க வெச்சோம். நானும் ஒரு கை குடுத்தேன், கால் பக்கம். விறைச்சுப் போயிருந்தாரு. தலைக்கு எண்ணெயும் சீயக்காயும் வெக்க ஒவ்வொருத்தரா வந்தாங்க. என் முறை வந்துச்சு. எண்ணெயைத் தொட்டு வெச்சேன். அப்ப என்னையறியாம என் கை திரும்பிருச்சு சார். புறங்கை, அண்ணன் கன்னத்துல.

ஜில்லுன்னு இருந்துச்சு.

காலையில ஏழு மணிக்குப் போனாருன்னு தவமணி சொல்லிருக்கா. ஏழு மணிக்குப் போனவரு இப்ப எப்படி இருக்கணும்? மிருணாளினி எத்தனை தடவை சொல்லிருக்கா, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் சூடு இறங்கும்னு. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டுப் பாத்தேன். எப்படிப் போட்டாலும் முதல் நாள் ராத்திரிக்குத்தான் போகுது. ஒரு கணக்குல அதுக்கு முந்தின நாளுக்கே போச்சு, அதை விட்டுட்டேன். சரி, அவசரப்படக் கூடாதுன்னு பொறுமையா நின்னேன். ஒருக்களிச்சுப் புரட்டி முதுகுல தண்ணி ஊத்தினாங்க பாருங்க. முதுகு பூரா ரோஸ் கலரு. திட்டுத் திட்டா, நல்ல செவப்பு ரோஸ். நீங்களே எழுதிருக்கீங்க, அந்த நகைக்கடை முதலாளி செத்துப் போற கதையில. பிணத்துல ரோஸ் நிறம் கண்டா சயனைடு. மிருணாளினி அதை இன்ஸ்பெக்டர் காதுல ரகசியமா சொல்லுவா.

நானும் ரகசியமாத்தான் சொன்னேன், இளஞ்செழியன் காதுல. என் தொண்டை அப்படி. பஸ் ஸ்டாண்டுல முப்பது வருஷம் சத்தம் போட்ட தொண்டைக்கு ரகசியம்னா என்னன்னு தெரியாது. "தம்பி, அப்பா காலையில போகல, ராத்திரியே போயிட்டாரு. அதுவும் சும்மா போகல"ன்னேன். மேளக்காரங்க அந்த நேரம் பாத்து அடியை நிறுத்திருந்தாங்க.

கயல்விழிக்குக் கேட்டுருச்சு. அப்புறம் கேக்கணுமா? நெஞ்சுல அடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. "நான் அப்பவே சொன்னேன், எங்கப்பாவை என்ன பண்ணினாளோ, தூக்க விடமாட்டேன், போலீஸைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் அறுத்துப் பாருங்க"ன்னு கத்தினா. தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவங்க குடத்தோட அப்படியே நின்னாங்க. தெருவே வாசலுக்கு வந்துருச்சு. இளஞ்செழியன் தவமணியைத் திரும்பிப் பாத்தான். ஒரு நிமிஷம் இருக்கும், ஒரு மாதிரி பாத்தான். புருஷன்னாலும் பாக்கத்தானே செய்வான்? ரெண்டு வருஷம் ஒரு மனுஷனைத் தூக்கித் துடைச்சவளுக்குத்தானே சலிப்பு வந்திருக்கும்? மோட்டிவ் அங்கதானே இருக்கு? நான் சொல்லல சார், மிருணாளினி சொல்லுவா.

தவமணி அவனைப் பாக்கல. என்னைப் பாத்தா. கையில சீயக்காய் கிண்ணம்.

"காபியை வாங்கிக் குடிச்சுட்டுத்தான் போனாரு, சின்ன மாமா. சக்கரை பத்தலைன்னு சொன்னாரு. சக்கரை நோய்க்கு இதுவே ஜாஸ்தின்னு நான்தான் போடல."

அவ்வளவுதான் சொன்னா. அழக்கூட இல்ல. கொஞ்சம் சத்தமா சொல்லிருந்தாக்கூட எனக்குத் தேவல.

அதுக்குள்ள யாரோ போய் கிளினிக் டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. காலையில வந்து பாத்து சர்ட்டிஃபிகேட் எழுதிக் குடுத்தவங்க அவங்கதான். நல்ல அம்மா, ஆனா வாய் கொஞ்சம் நீளம். என்ன சந்தேகம்னு கேட்டாங்க. எல்லாரும் என்னைக் கை காட்டினாங்க. நான் முறையா சொன்னேன். உடம்போட குளிர்ச்சி, விறைப்பு, முதுகோட நிறம், ஒண்ணொண்ணா. அந்தம்மா நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையா தலையாட்டிக் கேட்டாங்க. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு.

"பெரியவரே, இவரை எதுக்குள்ளேர்ந்து எடுத்து இங்க படுக்க வெச்சீங்க?"ன்னு கேட்டாங்க.

"பெட்டிக்குள்ளேர்ந்து."

"என்ன பெட்டி?"

"ஐஸ் பெட்டி"ன்னேன்.

நானேதான் சார் சொன்னேன். என் வாயாலதான் வந்துச்சு. சொன்ன பிறகும் எனக்குப் பிடிபடல. அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க, ஒரு மேளக்காரன் முதல்ல களுக்குன்னு சிரிச்சான். அப்புறம் ஆட்டோ ஸ்டாண்டு பசங்க, பெட்டி கொண்டு வந்தவங்களே அவங்கதான். அப்புறம் பொம்பளைங்க பக்கம் முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு. எழவு வீட்டுல சிரிச்சாங்க சார். ஒப்பாரி வெச்ச கிழவி ஒண்ணு சிரிப்பு தாங்காம உள்ள எந்திரிச்சுப் போச்சு.

காலையிலேர்ந்து ஐஸ் பெட்டியில இருந்த உடம்பு ஜில்லுன்னு இல்லாம சுடச்சுடவா இருக்கும்னாங்க டாக்டரம்மா. செத்தவங்க உடம்புல ரத்தம் கீழ்ப்பக்கமா போய்த் தேங்குமாம், மல்லாக்க கிடந்தா முதுகுல. குளிர்ல வெச்சா அது செவந்து ரோஸ் கலராத்தான் தெரியுமாம். சயனைடுன்னா வேற அடையாளமெல்லாம் இருக்கணுமாம், அதுவும் லேப்ல பாத்துத்தான் சொல்ல முடியுமாம். சரி, அப்ப கையை வெச்சு நேரம் சொல்றது என்னன்னு நான் விடாம கேட்டேன். கேட்டிருக்க வேணாம். "தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்தாலே முன்ன பின்ன சில மணி நேரம் வித்தியாசம் வரும். கன்னத்துல கையை வெச்சு நிமிஷக் கணக்குச் சொல்றதுக்கு நான் என்ன குறியா சொல்றேன்? இதையெல்லாம் யாரு உங்களுக்குச் சொன்னது?"ன்னாங்க. நான் உங்க பேரைச் சொல்லல. அந்தக் கூட்டத்துல உங்களைக் காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல. அதை நீங்க நினைச்சுப் பாக்கணும்.

அப்புறம் மேளம் அடிச்சாங்க, அண்ணனைத் தூக்கிட்டுப் போனாங்க. நானும் சுடுகாடு வரைக்கும் போனேன். யாரும் என் பக்கத்துல நடக்கல.

இப்ப நான் உங்களைக் கேக்கறேன். உங்க எந்தக் கதையிலயாவது ஒரு ஐஸ் பெட்டி வந்திருக்கா? உங்க பிணமெல்லாம் ஹோட்டல் ரூம்ல கிடக்கும், கார் டிக்கியில கிடக்கும், ஊட்டி எஸ்டேட்டுல கிடக்கும். ஒருத்தராவது சாதாரணமா வீட்டுல செத்து, மகன் ஓசூர்லேர்ந்து வர்ற வரைக்கும் வாசல்ல ஐஸ் பெட்டியில காத்துக்கிட்டு இருந்தாங்களா? நம்ம ஊர்ல எந்தப் பிணம் சார் சூடா இருக்கு? நீங்க எங்கேயோ வெளிநாட்டுப் புத்தகத்துல படிச்சு எழுதிட்டீங்க. அங்க ஐஸ் பெட்டி கிடையாது போலிருக்கு. நான் அதை நம்பி பொன்மலைப்பட்டியில கையை வெச்சுட்டேன். இதுல என் மேல என்ன தப்பு?

இல்ல, நீங்க சொல்லுங்க. தொண்ணூத்தாறு பக்கத்துக்குள்ள முடிக்கணும், லேப் ரிப்போர்ட் வர ஆறு மாசம் ஆகும்னு எழுதினா எவன் படிப்பான்னா? நியாயந்தான். நான்கூடப் படிக்க மாட்டேன். ஆனா ஒரு வரி போட்டிருக்கலாம்ல, ஐஸ் பெட்டியில வெச்சிருந்தா இதெல்லாம் செல்லாதுன்னு. சிகரெட்டு டப்பாவுலகூட எழுதறான் சார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பதினாறாம் நாள் காரியம் முடியற வரைக்கும் அந்த வீட்டுலேர்ந்து சாப்பாடு வரல. அது முறைதான். இனிமே வராதுன்னுதான் நினைச்சேன். நான் பஸ் ஸ்டாண்டு மெஸ்ஸுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். காரியம் முடிஞ்ச மறுநாள் மத்தியானம் சுவத்து மேல டங்குன்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தா கேரியர். தவமணி திரும்பி நடந்து போறா. "சின்ன மாமா"ன்னு கூப்பிடல.

அதுக்கப்புறம் ஒரு நாள் தவறாம கேரியர் வருது. குழம்பு, ரசம், ஒரு பொரியல், எல்லாம் பழைய ருசிதான். சத்தம் மட்டும் கிடையாது. உங்க புது நாவல் வந்துச்சு, படிச்சுட்டு அவ ஜன்னல்ல வெச்சேன். எடுக்கல. மழை பெஞ்சு நனைஞ்சு உப்பிப் போச்சு, அப்பவும் எடுக்கல. யாரு கொலைகாரன்னு ரெண்டாவது அத்தியாயத்துலயே சொல்றதுக்கு இப்ப எனக்கு ஆளில்லை. படிக்கவே பிடிக்கல சார், உண்மையைச் சொல்லணும்னா. பாதியில மூடிட்டேன்.

போய்ப் பேச வேண்டியதுதானேன்னா, போனேனே. ஒரு நாள் போய் கேட்டைத் தொட்டேன். அவ துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. நிமிந்து பாத்தா. "மழை வரும்போல இருக்கு"ன்னேன். நல்லா வெயில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன்.

நாள் ஆக ஆக எனக்குள்ள ஒண்ணு ஓட ஆரம்பிச்சுருச்சு. ஒருத்தன் ஒரு பொம்பளையைத் தெரு முன்னாடி கொலைகாரின்னு சொல்றான். அவ கோவப்படல, திட்டல, ஒரு வார்த்தை பேசல. ஆனா தினமும் சோறு ஆக்கி அனுப்பறா. ஏன் அனுப்பறா? உலகத்துல யாராவது அப்படிப் பண்ணுவாங்களா? உங்க ஜமீன் பங்களா கதையில சமையக்காரி அப்படித்தான் பண்ணுவா. பேசவே மாட்டா, பரிமாறிக்கிட்டே இருப்பா. மெல்லக் கொல்ற விஷம். மிருணாளினி வெள்ளிக் கரண்டியைக் குழம்புல விட்டு எடுப்பா, கரண்டி கறுத்துப் போயிரும்.

எங்க வீட்டுல ஒரே ஒரு வெள்ளிக் கரண்டிதான். செண்பகவல்லி சீரா கொண்டு வந்தது. பீரோவுலேர்ந்து எடுத்துத் துடைச்சேன். முதல் நாள் சாம்பார்ல விட்டேன், கறுக்கல. மறுநாள் வத்தக்குழம்பு, கறுக்கல. ரசத்துலயும் இல்ல, மோர்லயும் இல்ல. நேத்து கேரியர்ல முட்டைக் குழம்பு. எனக்குப் பிடிக்கும்னு அவளுக்குத் தெரியும். கரண்டியை விட்டு மஞ்சக் கருவைக் கிண்டிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வெச்சுட்டு எடுத்தேன்.

இந்தாங்க, நீங்களே பாருங்க. கைக்குட்டையில சுத்திக் கொண்டாந்திருக்கேன். நுனியைத் தொடாதீங்க. எப்படிக் கறுத்திருக்கு பாருங்க, கரி மாதிரி.

என்ன சார் தலையில கை வெச்சுட்டீங்க? அம்மா உள்ளேர்ந்து என்னமோ சொல்றாங்களே. முட்டையா? முட்டையில வெள்ளியை விட்டா கறுக்குமா? எப்பவுமேவா? எல்லார் வீட்டுலயுமா?

அதாவது, நல்ல முட்டை, நல்ல குழம்பு, அதுலயே கறுக்கும். அப்ப விஷம் இருந்தா? அதுக்குக் கறுக்காமலும் போகலாமா. இது உங்க வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, உங்களுக்குத் தெரியாதா சார்? நீங்க பாட்டுக்கு எழுதிட்டீங்க. நானும் செண்பகவல்லி கரண்டியைக் கெடுத்துக்கிட்டேன். புளி போட்டுத் தேய்ச்சா போயிருமா? சரி, தேய்ச்சுப் பாக்கறேன்.

அப்ப அவ விஷம் வெக்கல. நானும் வெச்சிருக்க மாட்டான்னுதான் நினைச்சேன். ஒரு சோதனை, அவ்வளவுதான். அதுக்கு வருத்தப்பட என்ன இருக்கு? கொஞ்சம் தண்ணி குடுங்க சார்.

நான் கேக்க வந்தது இதுதான். அடுத்த நாவல்ல மிருணாளினி ஒரு தடவை தப்பு பண்ணட்டும். ஒரே ஒரு தடவை. ஒரு எழவு வீட்டுக்கு அவ போறா. ஐஸ் பெட்டியிலேர்ந்து எடுத்த உடம்பு, அது அவளுக்குத் தெரியாது. கன்னத்துல புறங்கையை வெக்கிறா, நேரத்தைத் தப்பா சொல்லிர்றா, பாவம் ஒரு மருமக மேல பழி வந்துருது. அப்புறம் உண்மை தெரியுது. மிருணாளினி அந்த மருமக முன்னாடி போய் நின்னு, கொண்டையைத் தாழ்த்திக்கிட்டு, "நான் சொன்னது தப்பும்மா"ன்னு சொல்றா. ரெண்டு பக்கம் போதும். நான் அந்தப் புத்தகத்தை ஜன்னல்ல வெக்காம, மழை படாம, தவமணி கையிலயே குடுத்துருவேன். அவ்வளவு படிச்ச மிருணாளினிக்கே தப்பு வந்துச்சுன்னா, நான் எம்மாத்திரம்னு அவளுக்குப் புரியும்ல?

ஏன் சார் முடியாது? மிருணாளினி தப்பு பண்ணினா வாசகருங்க ஒத்துக்க மாட்டாங்களா? நானும் வாசகன்தானே. நான் ஒத்துக்கறேன். கையெழுத்துப் போட்டுத் தர்றேன் வேணும்னா.

நானே போய் மன்னிப்புக் கேக்கறதா? எதுக்கு? கொலை நடக்கலைன்னா அது என் தப்பா? நான் படிச்சதைச் சொன்னேன். அதுவுமில்லாம சார், இந்த வயசுல, அந்தப் புள்ள முன்னாடி போய் நின்னு, என்னன்னு ஆரம்பிக்கறது? "சக்கரை போடாதது சரிதாம்மா, அதுக்காக மனசைப் போட்டு உழப்பிக்காத"ன்னா? அதை அன்னிக்கே யாராவது சொல்லிருக்கணும். அவ சொன்னப்ப ஒருத்தரும் சொல்லல. ஐஸ் பெட்டியைப் பத்திச் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. அந்தச் சக்கரையைப் பத்தி ஒரு ஆள் கேக்கல. நானும் கேக்கல. நான் அப்ப சூட்டைக் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

என்ன கேட்டீங்க? கரண்டி கறுத்துப் போச்சே, அந்தக் குழம்பை என்ன பண்ணீங்கன்னா? லேபுக்குக் குடுத்தீங்களா, கொட்டிட்டீங்களான்னா?

இது என்ன சார் கேள்வி. சாப்பிட்டேன்.

விஷம்னு நினைச்சுத்தான் சாப்பிட்டேன். அப்ப எனக்கு இந்த முட்டை விஷயமெல்லாம் தெரியாதே. கரண்டியை எடுத்துத் தனியா வெச்சேன், கறுப்பைப் பாத்தேன். கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் சோத்துல ஊத்திப் பெசைஞ்சேன். ரெண்டு முட்டை இருந்துச்சு, ரெண்டையும் சாப்பிட்டேன். மிச்சம் வெச்சா சாயங்காலம் கேரியரைத் திறந்து பாப்பா சார் அவ. பிடிச்ச குழம்பைக்கூட இந்த மனுஷன் தொடலையேன்னு அவ முகம் ஒரு மாதிரி ஆயிரும். அன்னிக்கு வாசல்ல ஒரு தடவை அந்த முகத்தைப் பாத்துட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது.

சாப்பிட்டுட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடாம படுத்துக்கிட்டேன்.